தெளிகனவுக் கண்கவசம்: வாங்கும் முன் அறிய வேண்டியவை

கனவு காணும்போதே 'இது கனவு' என்று அறிந்துகொள்ளும் நிலையை லூசிட் டிரீமிங் என்கிறார்கள். இங்கே தெளிகனவு என்று எழுதுகிறேன். அந்த நிலையை வரவழைத்துத் தருவதாகச் சொல்லி விற்கப்படும் மின்விளக்குக் கண்கவசங்கள் சில ஆண்டுகளாக மலேசிய இணையச் சந்தைகளில் பெருகிவிட்டன. அவற்றில் ஒன்றை வாங்கி, கோலாலம்பூர் செந்தூலில் உள்ள எங்கள் அடுக்குமாடி வீட்டில் நானும் என் தங்கையும் மாறி மாறிப் பல வாரங்கள் அணிந்து உறங்கினோம். நான் அலுவலகத்தில் பகல் வேலை செய்கிறவன். தங்கை ஒரு மருத்துவமனையில் தாதி, பகலும் இரவுமாகச் சுற்றுமுறையில் பணியாற்றுகிறவள். ஒரே பொருள் இரண்டு விதமான உறக்கத்தில் எப்படி இயங்குகிறது என்று ஒப்பிட்டுப் பார்க்க அது நல்ல வாய்ப்பாக அமைந்தது. கவசத்தின் வணிகப் பெயரை நான் எழுதப்போவதில்லை. ஒரே வார்ப்பில் செய்த கவசம் வெவ்வேறு பெயர்களில், வெவ்வேறு விலைகளில் கிடைக்கிறது. இன்றிருக்கும் பெயர் அடுத்த மாதமும் இருக்கும் என்பதற்கு உறுதியில்லை. ஆகவே அமைப்பைப் பார்த்து வாங்குவதற்கு உதவும்படியே இதை எழுதுகிறேன்.

தெளிகனவு கட்டுக்கதை அன்று என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். இந்தப் பேச்சை எடுத்தாலே நம்மவர்களில் பலர் அதை மாந்திரீகத்தோடு சேர்த்துவிடுகிறார்கள். 1953இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் அசெரின்ஸ்கியும் கிளைட்மனும், உறங்குகிறவரின் கண்கள் மூடிய இமைக்குள் விரைந்து அசையும் ஒரு கட்டம் இரவில் திரும்பத் திரும்ப வருவதை ஆராய்ந்து வெளியிட்டார்கள். ரெம் உறக்கம் எனப்படும் அந்தக் கட்டத்தில் கைகால் தசைகள் முற்றிலும் தளர்ந்துவிடும். கண்ணை அசைக்கும் தசைகளோ தொடர்ந்து இயங்கும். இந்த விதிவிலக்கைத்தான் இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் கீத் ஹெர்ன் பயன்படுத்திக்கொண்டார். 1975 ஏப்ரலில் அவர் நடத்திய சோதனையில் ஆலன் வோர்ஸ்லி என்பவர், கனவுக்குள் தெளிவடைந்ததும், முன்பே பேசிவைத்தபடி கண்களை இடமும் வலமுமாக அசைத்துக் காட்டினார். அவர் உறக்கத்தில்தான் இருந்தார் என்பதை மூளை அலைப் பதிவு காட்டியது. அசைவு தற்செயலானதன்று என்பதைக் கண்ணசைவுப் பதிவு காட்டியது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஸ்டீபன் லபெர்ஜ் தனியாக நடத்திய சோதனைகளின் முடிவு 1981இல் வெளிவந்தது. அவர் பின்னாளில் உருவாக்கிய நோவாட்ரீமர் என்ற கருவியின் வழியில் வந்தவையே இன்றைய கவசங்கள். 50 ஆண்டுக்கால ஆய்வுகளைத் தொகுத்து 2016இல் வெளியான ஒரு பகுப்பாய்வு, மக்களில் ஏறத்தாழ 55 விழுக்காட்டினர் வாழ்நாளில் ஒருமுறையாவது தெளிகனவு கண்டிருக்கிறார்கள் என்றும், 23 விழுக்காட்டினர் மாதம் ஒருமுறையோ அதற்கு மேலோ காண்கிறார்கள் என்றும் மதிப்பிட்டது. பலருக்கும் எப்போதோ தானாக வாய்த்த ஒன்றை வேண்டும்போது வரவழைக்கலாம் என்பதே இந்தப் பொருள் தரும் வாக்குறுதி.

கவசத்தைக் கையில் எடுத்தால், விமானப் பயணத்தில் கொடுக்கும் கண்பட்டையைவிடச் சற்றுத் தடிமனாக இருக்கிறது. இமையில் எதுவும் படாதபடி இரண்டு பக்கமும் நுரைப்பஞ்சைக் குழிவாக வார்த்திருக்கிறார்கள். இமையை அழுத்தினால் உறக்கமும் கெடும், கண்ணசைவைக் கணிக்கவும் முடியாது என்பதால் இந்தக் குழிவு அவசியமானது. ஒவ்வொரு குழியின் மேல் விளிம்பிலும் கடுகளவு சிவப்பு விளக்குகள் மூன்று இருக்கின்றன. வலக்கண் குழியில் மூக்கை ஒட்டிய ஓரத்தில் ஓர் அகச்சிவப்பு உணரி பதிந்திருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத கதிரை இமையின்மேல் செலுத்தி, அது பட்டுத் திரும்புவதன் ஏற்ற இறக்கத்தை அளந்து, உள்ளே விழி அசைகிறதா என்று கணிப்பது அதன் வேலை. அசைவு அடர்ந்து வந்தால் ரெம் கட்டம் தொடங்கிவிட்டதாக முடிவுசெய்து, சிறிது நேரம் காத்திருந்து, விளக்குகளைச் சில விநாடிகளுக்கு மின்னி மின்னி எரியச் செய்கிறது. விளக்கு சிவப்பாக இருப்பதற்கும் காரணம் உண்டு: மூடிய இமை நீல ஒளியைப் பெருமளவு தடுத்துவிடும், சிவப்பு ஒளியை அதிகமாக உள்ளே விடும்.

எங்கள் கவசம் 200 ரிங்கிட்டுக்குச் சற்றுக் குறைவாகக் கிடைத்தது. அதில் பாதிக்கும் குறைவான விலையில் நான் பார்த்த வகைகளில் இந்த உணரி இல்லை. படுத்து இத்தனை மணி நேரம் கழித்து விளக்கெரிய வேண்டும் என்ற கடிகாரக் கணக்கில் மட்டுமே அவை இயங்குகின்றன. விற்பனைப் பக்கங்களில் இரண்டையும் ஏறக்குறைய ஒரே சொற்களால் வருணிக்கிறார்கள். படத்தைப் பெரிதாக்கி, மூக்கோரத்தில் அந்தச் சிறிய கறுப்புச் சில்லு இருக்கிறதா என்று பார்த்த பிறகு பணம் செலுத்துவது நல்லது.

உணரி எவ்வளவு துல்லியம் என்பதை, மறுநாள் காலையில் கைப்பேசிச் செயலி காட்டும் பட்டியலைக் கொண்டு ஓரளவு ஊகிக்கலாம். உறங்கத் தொடங்கி ஏறத்தாழ 90 நிமிடங்களுக்குப் பிறகுதான் முதல் ரெம் கட்டம் வரும்; அது பெரும்பாலும் 10 நிமிட அளவில் முடிந்துவிடும். அடுத்தடுத்த சுற்றுகளில் அது நீண்டு, விடியலை நெருங்கும்போது அரைமணி நேரமோ அதற்கு மேலோ நிலைக்கும். நான் மல்லாந்து படுத்திருந்த இரவுகளில் விளக்கெரிந்த நேரங்கள் இந்த ஒழுங்கோடு ஒத்துப்போயின. ஒருக்களித்துப் படுத்தால் தலையணை கவசத்தை ஒரு பக்கம் இழுத்துவிடுகிறது. படுத்த அரைமணிக்குள்ளேயே, கனவுக்குரிய கட்டம் வருவதற்கு வாய்ப்பே குறைந்த நேரத்தில், விளக்கெரிந்ததாகப் பட்டியலில் இருந்தது. பட்டையைத் தலையின் பின்புறம் இறுக்கினால் இது குறைகிறது, ஆனால் காலையில் நெற்றியில் தடம் விழுகிறது.

நம் ஊரின் புழுக்கத்தைத் தயாரிப்பாளர் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. ரெம் கட்டத்தில் உடல் தன் வெப்பத்தைச் சீராக்கும் வேலையைப் பெரும்பாலும் நிறுத்திவைக்கிறது. ஆகவே அறை வெக்கையாக இருந்தால் அந்தக் கட்டம் எளிதில் குறையும், கலையும். காற்றாடி மட்டும் ஓடிய இரவுகளில் நுரைப்பஞ்சு வியர்வையில் ஊறி, உணரியின் முகப்பில் ஆவி படிந்து, விடியற்காலையில் கவசம் எதையும் பதிவுசெய்யவில்லை. குளிர்சாதனம் போட்ட இரவுகளில் இந்தச் சிக்கல் இல்லை. நுரைப்பஞ்சைக் கழற்றித் துவைக்க முடியாது என்பதும், மாற்றுப் பஞ்சு தனியாகக் கிடைக்கவில்லை என்பதும் பெரிய குறைகள்.

ஆனால் இன்னொரு வகையில் கோலாலம்பூர் இந்தக் கருவிக்கு ஏற்ற ஊர். 1982 ஜனவரி 1 முதல் தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் உலகப் பொது நேரத்தைவிட 8 மணி நேரம் முன்னதாக ஓடுகிறது; அதனால் இங்கே சூரியன் எழ ஏழு மணி ஆகிவிடுகிறது. கனவு மிகுந்த கடைசிப் பகுதி முழுவதும் இருட்டிலேயே கழிவதால், சன்னலில் வரும் வெளிச்சம் கவசத்தின் ஒளியோடு போட்டியிடுவதில்லை. அருகிலுள்ள சூரா என்ற சிறு தொழுகை இல்லத்திலிருந்து ஆறு மணியை ஒட்டி வரும் சுபுஹ் என்ற அதிகாலைத் தொழுகையின் பாங்கொலி என்னை லேசாக விழிக்கச் செய்து, மீண்டும் கண்ணயர விடும். தெளிகனவுப் பயிற்சியில் இப்படி விடியற்காலையில் சற்று விழித்து மறுபடி உறங்குவதைத்தான் மிகவும் வற்புறுத்துகிறார்கள். மற்ற ஊர்களில் அலாரம் வைத்துச் செய்வது எனக்குப் பாங்கொலியால் இயல்பாகவே அமைந்தது. பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் உள்ள வீடுகளில் ஐந்தரைக்கே எழுந்துவிடுகிறார்கள். அவர்கள் இழப்பது இரவின் கனவடர்ந்த பகுதியை. அத்தகைய வீட்டில் இருப்பவர் வார இறுதிக்கு மட்டும் என்று எண்ணி வாங்குவதே பொருத்தம்.

இனி முதன்மையான செய்திக்கு வருகிறேன். விளக்கு எரிந்தது, ஒளி கனவுக்குள்ளும் வந்தது. ஆனால் பெரும்பாலான இரவுகளில் அது எங்களைத் தெளிவிக்கவில்லை. ஒரு கனவில் நான் ஜாலான் ஈப்போவில் மழையில் காரை ஓட்டிக்கொண்டிருந்தேன். முன்னால் நின்ற வண்டிகளின் பின்விளக்குகள் எல்லாம் ஒரே சமயத்தில் சிவந்து, அணைந்து, மறுபடி சிவந்தன. நெரிசல் என்று எண்ணி நானும் கால்தடையை மிதித்துக் காத்திருந்தேன். தங்கைக்கு அதே சிவப்பு, நோயாளி அழைக்கும்போது அறைவாசலின் மேல் எரியும் விளக்காக வந்தது. கனவு முடியும்வரை அவள் நடைவழியில் ஓடிக்கொண்டே இருந்தாளாம். "எழுந்த பிறகுதான் அது மாஸ்க் விளக்கு என்று தெரிந்தது, அண்ணே" என்றாள். இதில் வியப்புக்கு இடமில்லை. 1958இல் டிமென்ட்டும் வோல்பெர்ட்டும் நடத்திய சோதனையில், உறங்குகிறவர்மேல் தெளித்த தண்ணீர் ஏறத்தாழ 42 விழுக்காட்டுக் கனவுகளிலும், பாய்ச்சிய ஒளி 23 விழுக்காட்டுக் கனவுகளிலும் ஏதோ ஓர் உருவில் இடம்பெற்றது. புறத்திலிருந்து வருவதைக் கனவு தன் கதைக்குள் இழுத்துக்கொள்கிறது. கதைக்குள் சிவப்பு விளக்குக்கு ஒரு பொருள் கிடைத்துவிட்டால், அதற்கு வேறொரு பொருள் உண்டு என்று யாரும் தேடுவதில்லை.

அந்த வேறொரு பொருளை நினைவில் வைத்திருப்பதுதான் முழு விஷயமும். விளக்கு சிவந்தால் அது கவசத்தின் குறிப்பு, அப்படியானால் இது கனவு என்று படுக்கும் முன் நாம் ஏற்படுத்திக்கொண்ட எண்ணம், ஐந்தாறு மணி நேரம் கழித்து, முற்றிலும் வேறான சூழலில், தக்க கணத்தில் தலைதூக்க வேண்டும். அலுவலகத்திலிருந்து திரும்பும் வழியில் மருந்தகத்தைப் பார்த்ததும் அம்மாவின் மாத்திரை நினைவுக்கு வருவதும் இதே வகை நினைவாற்றல்தான். விழித்திருக்கும்போதே அது நம்மைக் கைவிடுவதுண்டு. ரெம் கட்டத்தில் நிலைமை இன்னும் கடினமானது. மூளைத்தண்டில் உள்ள லோகஸ் செருலியஸ் என்ற சிறு பகுதி ஏறக்குறைய ஓய்ந்துபோவதால், கவனத்துக்கும் நினைவுப் பதிவுக்கும் வேண்டிய நார்அட்ரினலின் என்ற வேதிப்பொருள் மூளையில் மிகக் குறைந்துவிடுகிறது. எண்ணங்களைச் சீர்தூக்கிப் பார்க்க உதவும் முன்மூளைப் புறணியின் பக்கப்பகுதி மந்தமாக இருப்பதை 1990களில் மூளைப் படப்பிடிப்பு ஆய்வுகள் காட்டின. ஆகவேதான் இறந்துபோன தாத்தா கூடத்தில் அமர்ந்து தேநீர் குடித்தாலும், அவர் இறந்துவிட்டார் என்பது நமக்குத் தோன்றுவதில்லை. கனவில் நாம் அறிவில்லாமல் இருப்பதில்லை. அந்தக் காட்சியோடு மோத வேண்டிய நினைவு வந்து சேர்வதில்லை, அவ்வளவே.

மலேசியாவில் சைவ வகுப்புகளுக்குப் போனவர்களுக்கு ஐந்து அவத்தைகள் அறிமுகமாகியிருக்கும்: சாக்கிரம், சொப்பனம், சுழுத்தி, துரியம், துரியாதீதம். விழிப்பாகிய சாக்கிரத்தில் 35 கருவிகள் இயங்குவதாகவும், கனவாகிய சொப்பனத்தில் அறியும் புலன்களான ஞானேந்திரியம் ஐந்தும் செயல் உறுப்புகளான கன்மேந்திரியம் ஐந்தும் நீங்க 25 எஞ்சுவதாகவும் சித்தாந்தம் கணக்குச் சொல்கிறது. எஞ்சியவற்றுள் மனம், புத்தி, அகங்காரம், சித்தம் என்ற அந்தக்கரணங்கள் நான்கும் உண்டு. இது ஆய்வுக்கூடத்து அறிவியல் அன்று. இரண்டையும் ஒன்றென்று சொல்வதும் என் நோக்கமன்று. ஆனால் இந்தக் கவசத்தை மதிப்பிட இந்தப் பகுப்பு எனக்கு மிகவும் பயன்பட்டது. கனவின் வாசலில் விட்டுவந்த அந்தப் பத்து இந்திரியங்களின்மேல்தான் கவசம் ஒளியைப் பாய்ச்சுகிறது. உள்ளே வேலை செய்துகொண்டிருக்கும் நான்கைப் பழக்கும் வேலை, அணிந்துகொள்கிறவரிடமே விடப்படுகிறது.

லபெர்ஜ் தொடக்கத்திலேயே இதைத் தெரிந்துவைத்திருந்தார். மைல்ட் என்று சுருக்கமாக அழைக்கப்படும் அவரது முறை முழுக்க முழுக்க நினைவுப் பயிற்சி. விடியற்காலையில் ஒரு கனவிலிருந்து விழித்ததும் அசையாமல் கிடந்து அந்தக் கனவை முழுமையாக நினைவுகூர வேண்டும். அதில் எது இயல்புக்கு மாறாக இருந்தது என்று கண்டுபிடிக்க வேண்டும். 'அடுத்து கனவு காணும்போது, நான் கனவு காண்கிறேன் என்பதை நினைவில் கொள்வேன்' என்று மனத்துக்குள் சொல்லியபடி, அதே கனவுக்குள் இம்முறை தெளிவோடு நுழைவதாக எண்ணிக்கொண்டே உறங்க வேண்டும். ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டென்ஹோம் ஆஸ்பி 2017இல் வெளியிட்ட ஆய்வில், பகலில் 'இது கனவா' என்று சோதித்துப் பார்ப்பது, ஐந்து மணி நேர உறக்கத்துக்குப் பின் சற்று எழுந்திருப்பது, மைல்ட் பயிற்சி ஆகிய மூன்றையும் சேர்த்துச் செய்தவர்களுக்கு ஒரு வாரத்தின் இரவுகளில் 17 விழுக்காடு அளவில் தெளிகனவு வாய்த்தது. பயிற்சி முடித்து ஐந்து நிமிடங்களுக்குள் உறங்கிவிட்டவர்களிடம் அந்த அளவு ஏறத்தாழ 46 விழுக்காடாக உயர்ந்தது. இதற்குக் கவசம் எதுவும் தேவைப்படவில்லை. எங்கள் பெட்டியில் இருந்த கையேட்டிலோ இதைப் பற்றி ஒரு வரி கூட இல்லை. மின்னேற்றுவது எப்படி, செயலியை இணைப்பது எப்படி என்பதற்குப் பிறகு, 'அணிந்து உறங்குங்கள், விளக்கைக் கண்டதும் தெளிவடைவீர்கள்' என்று முடித்துவிட்டார்கள். இந்தப் பொருளின்மேல் எனக்குள்ள முதன்மையான மனக்குறை இதுவே.

கையேட்டை ஒதுக்கிவிட்டுப் பயிற்சியோடு சேர்த்து அணியத் தொடங்கிய பிறகு நிலைமை மாறியது. பகலில் போக்குவரத்து விளக்கு, லிஃப்ட் பொத்தான், கார்களின் பின்விளக்கு என்று எந்தச் சிவப்பைக் கண்டாலும், 'இப்போது நான் விழித்திருக்கிறேனா' என்று உண்மையாகவே கேட்டு, அருகிலுள்ள எழுத்துகளை ஒருமுறை படித்து, பார்வையை விலக்கி மறுபடி படித்துப் பார்ப்பேன். கனவில் எழுத்துகள் இரண்டாம் முறை பெரும்பாலும் மாறிவிடும். பாங்கொலிக்குப் பின் மைல்ட் பயிற்சி. அப்படி உறங்கிய ஒரு விடியலில், பத்துமலைப் படிகளில் ஏறிக்கொண்டிருந்தேன். படிகளின்மேல் செவ்வொளி இரண்டு மூன்று முறை படர்ந்து மறைந்தது. எங்கிருந்து வருகிறது என்று திரும்பிப் பார்த்தபோது கீழே முருகன் சிலை இல்லை. சிலை இங்கே இருக்க வேண்டுமே, 2006இல் திறந்தபோது நான் கூட்டத்தில் நின்றேனே என்ற நினைவு எழுந்தது. 42.7 மீட்டர் உயரச் சிலை இல்லாமல் இருக்க வழியில்லை, ஆகவே இது கனவு. அந்த முடிவு வந்த உடனே படிகளின் விளிம்பு, கைப்பிடிக் கம்பியின் குளிர்ச்சி, ஈரத்தின் மணம் எல்லாம் கூர்மையாயின. விளக்கு என்னைத் திரும்பிப் பார்க்க வைத்தது. தெளிவித்தது சிலையைப் பற்றிய நினைவு. கவசத்துக்கு இதில் பங்கில்லை என்று சொல்ல மாட்டேன். அந்தப் பங்கு எவ்வளவு என்பதைத்தான் விற்பனைப் பக்கங்கள் மறைக்கின்றன.

தெளிவடைந்த பிறகும் நினைவு முழுமையாகத் திரும்பிவிடுவதில்லை என்பதையும் குறிப்பிட வேண்டும். கனவில் தெளிந்தால் எதையாவது படித்துப் பார்க்க வேண்டும் என்று முன்கூட்டியே முடிவு செய்திருந்தேன். படிகளில் நின்றபோது, ஏதோ செய்ய நினைத்தோம் என்பது தெரிந்தது, எதுவென்று தெரியவில்லை. அன்று என்ன கிழமை என்று எண்ணிப் பார்த்தும் விடை கிடைக்கவில்லை. 2021இல் அமெரிக்கா, பிரான்சு, செருமனி, நெதர்லாந்து ஆகிய நான்கு நாட்டு ஆய்வுக்கூடங்கள் சேர்ந்து வெளியிட்ட ஆய்வில், 36 பேர் பங்கேற்றனர். ரெம் உறக்கத்தில் இருந்தவர்களிடம் எட்டிலிருந்து ஆறைக் கழித்தால் எவ்வளவு என்பது போன்ற எளிய கேள்விகளைக் கேட்டார்கள். சிலர் கண்ணசைவால் சரியாகப் பதில் சொன்னார்கள். சரியான விடை கிடைத்தது ஏறத்தாழ 18 விழுக்காட்டு முயற்சிகளில். விழித்த பிறகு சிலர் நினைவுகூர்ந்த கேள்வி உண்மையில் கேட்கப்பட்ட கேள்வியாக இருக்கவில்லை. கனவுக்குள் ஒரு நினைவு, கனவிலிருந்து வெளியே ஒரு நினைவு என்று இரண்டு கடப்புகள் இருக்கின்றன. கவசம் முதலாவதற்குச் சிறிது துணைசெய்கிறது, இரண்டாவதற்குச் செயலியை நம்பச் சொல்கிறது.

அந்தச் செயலி கனவுக் குறிப்பேடாகவும் பயன்படும் என்கிறார்கள். தமிழில் தட்டச்சு செய்தால் சேமித்துக்கொள்கிறது. ஆனால் திரும்பத் திரும்ப வரும் கனவு அடையாளங்களைத் தொகுத்துக் காட்டும் வசதி ஆங்கிலத்தில் எழுதியவற்றுக்கு மட்டுமே வேலை செய்கிறது. பேசிப் பதிவு செய்யும் வசதியிலும் தமிழ் இல்லை. இதைவிடப் பெரிய சிக்கல் கைப்பேசித் திரையே. விழித்த பின் அசைந்து, திரையைத் திறந்து, வந்திருக்கும் செய்திகள் கண்ணில் பட்டு, அதன்பின் எழுத்துப்பலகை திறப்பதற்குள் கனவு போய்விடுகிறது. 2019இல் நகோயா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எலிகளிடம் நடத்திய சோதனையில், மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதியில் ரெம் கட்டத்தின்போது இயங்கும் ஒரு வகை நரம்பணுக்கள் நினைவுப் பதிவைத் தடுப்பதைக் கண்டார்கள். கனவு இவ்வளவு எளிதில் மறந்துபோவதற்கு அது ஒரு காரணமாக இருக்கலாம் என்று கருதினார்கள். கண்ணைத் திறக்காமல், புரளாமல், கடைசிக் காட்சியிலிருந்து பின்னோக்கி ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்து, பிறகு தலைமாட்டில் உள்ள தாளில் நாலைந்து சொற்களை எழுதிவைப்பதே எங்கள் இருவருக்கும் பலன் தந்தது. தங்கை இதைத் தொடங்கிய பிறகு, முன்பு கனவே வருவதில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தவள், ஒரே உறக்கத்தில் இரண்டு மூன்று கனவுகளைச் சொல்லத் தொடங்கினாள்.

கையேட்டின் பின்னட்டையைப் பற்றியும் எழுதியாக வேண்டும், ஏனெனில் அது நம் நாட்டு மக்களைப் பற்றியது. 'மலாயாக் காட்டின் செனோய் பழங்குடியினர் காலைதோறும் கனவுகளை அலசி, அவற்றைக் கட்டுப்படுத்தக் குழந்தைகளுக்குக் கற்பித்து, வன்முறையே அறியாமல் வாழ்ந்தார்கள். அந்தக் கலை இப்போது உங்கள் கையில்' என்று அதில் அச்சிட்டிருக்கிறார்கள். இந்தக் கதையின் மூலம் கில்டன் ஸ்டூவர்ட் என்ற அமெரிக்கர். 1934இல் பேராக் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த மானுடவியலாளர் நூன் என்பவருடன், செனோய் மக்களின் ஒரு பிரிவான தெமியார் மக்களிடையே சிறிது காலம் சென்றுவந்த அவர், 1951இல் வெளியிட்ட கட்டுரையில் இப்படியொரு கனவு வாழ்க்கையை வருணித்தார். 1960, 70களில் அமெரிக்காவில் அது பெரும் புகழ் பெற்றது. பிற்பாடு, செனோய் மக்களின் இன்னொரு பிரிவான செமாய் மக்களோடு வாழ்ந்து ஆராய்ந்த ராபர்ட் டென்டன் போன்றோர் அத்தகைய காலைக் கனவு வகுப்புகளைக் காணவில்லை. 1985இல் வில்லியம் டாம்ஹாஃப் இந்தச் சான்றுகளையெல்லாம் திரட்டி, ஸ்டூவர்ட் சொன்ன முறை செனோய் மக்களுடையதன்று என்று நிறுவினார். தெமியார் மரபில் உண்மையாகவே உள்ளது இதைவிட ஆழமானது. கனவில் ஆவித் துணை ஒன்று மனிதருக்கு ஒரு பாடலைத் தருகிறது. கனவு கண்டவர் அதை நினைவில் சுமந்துவந்து, நோய் தீர்க்கும் சடங்கில் முன்பாட, பெண்கள் மூங்கில் குழாய்களைத் தட்டியபடி பின்பாடுகிறார்கள். பாட்டாகக் கிடைத்ததால் அந்தக் கனவு மறக்கப்படுவதில்லை. ஒருவர் கண்டது ஊர் முழுவதன் நினைவாகிவிடுகிறது. கோலாலம்பூரிலிருந்து சிறிது தூரத்தில், கோம்பாக்கில் பழங்குடியினருக்கான ஓராங் அஸ்லி அருங்காட்சியகம் இருக்கிறது. இன்றும் பேராக்கிலும் கிளந்தானிலும் வாழும் மக்களின் பெயரில் இல்லாத ஒன்றை எழுதி, பெட்டியில் வைத்து விற்பது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தந்தது.

யாருக்கு இந்தக் கவசம் ஆகாது என்பதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். மின்னும் ஒளியால் வலிப்பு வரக்கூடியவர்கள் இதை அணியவே கூடாது; எங்கள் கையேட்டில் இந்த எச்சரிக்கை மிகச் சிறிய எழுத்தில் கடைசிப் பக்கத்தில் இருந்தது. உறக்கமின்மையால் அவதிப்படுகிறவர்கள் உறக்கத்தை மேலும் உடைத்துக்கொள்ளும் இந்தப் பயிற்சியில் இறங்காமல் இருப்பது நல்லது. இரவுப்பணி செய்கிறவர்களுக்கும் நான் பரிந்துரைக்க மாட்டேன். தங்கை இரவு வேலை முடிந்து காலையில் படுக்கும்போது உறக்கத்தின் கட்டங்கள் வழக்கமான வரிசையில் அமைவதில்லை; விளக்கு எரிந்த நேரங்களும் தாறுமாறாக இருந்தன, அவளுக்கு மிஞ்சியது தலைவலிதான். பகல் வேலை வாரங்களில் மட்டும் அவள் அதை எடுத்து அணிகிறாள்.

கவசத்தோடு சேர்த்து வாங்கச் சொல்லிச் சில விற்பனையாளர்கள் மாத்திரைகளையும் காட்டுகிறார்கள். அவற்றில் அடிக்கடி அடிபடும் பெயர் காலன்டமின். அல்சைமர் நோயாளிகளின் நினைவிழப்புக்குத் தரப்படும் மருந்து அது. 2018இல் வெளியான ஓர் ஆய்வில், விடியற்காலையில் எழுந்து மைல்ட் பயிற்சியோடு இதை உட்கொண்ட 121 பேரில், வெற்று மாத்திரை உட்கொண்ட இரவில் 14 விழுக்காட்டினரும், 4 மில்லிகிராமுக்கு 27 விழுக்காட்டினரும், 8 மில்லிகிராமுக்கு 42 விழுக்காட்டினரும் தெளிகனவு கண்டார்கள். நினைவுக்கான மருந்து கனவில் தெளிவைக் கூட்டுகிறது என்பது அறிவியல் நோக்கில் மிகவும் சிறப்பான செய்தி. ஆனால் இதயத் துடிப்பைக் குறைக்கக்கூடிய, குமட்டலை வரவழைக்கக்கூடிய மருந்தை, மூலமும் அளவும் தெரியாத பொட்டலமாக இணையத்தில் வாங்கிக் கனவுக்காக விழுங்குவது ஆபத்தானது. கவசத்தை மட்டும் வாங்குங்கள். அதையும் உணரி உள்ள வகையாக, திருப்பி அனுப்பும் வசதி உள்ள விற்பனையாளரிடம் வாங்குங்கள். முதல் இரண்டு வாரங்கள் கவசத்தைப் பெட்டியிலேயே வைத்துவிட்டு, கனவுகளை எழுதிவைக்கும் பழக்கத்தையும் விடியற்காலைப் பயிற்சியையும் தொடங்குங்கள். அதற்குள்ளாகவே தெளிகனவு வந்துவிட்டால், பெட்டியைப் பிரிக்காமல் திருப்பி அனுப்பிப் பணத்தைப் பெற்றுக்கொள்ளலாம்.